சாலைப் பிடியும் மலைப் பல்லும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 1,917 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் வாஷிங்டன் சிகரத்துக்கு ஏறிச்செல்லும் ஆட்டோ ரோடு என்ற மலைச்சாலை, ஏறத்தாழ 12.2 கிலோமீட்டர் நீளமே உடையது என்றாலும், அதன் சராசரிச் சரிவு 12 சதவீதம். அதாவது கிடைத்தளத்தில் 100 மீட்டர் முன்னேறும்போது சாலை 12 மீட்டர் மேலேறிவிடுகிறது. இடையிடையே 18 சதவீதம் வரை செங்குத்தாகும் நீண்ட பகுதிகள் உண்டு. சிகரத்தை ஒட்டிய கடைசித் துண்டு 22 சதவீதத்தைத் தொடுகிறது. 1973 முதல் இச்சாலையில் நடந்துவரும் சைக்கிள் ஏற்றப் போட்டியில் டாம் டேனியல்சன் 2002இல் 49 நிமிடம் 24 வினாடியில் உச்சியை அடைந்தார். அத்தகைய தொழில்முறை வீரர்களின் உடலாற்றல் இல்லாத ஒருவர் இதே சாலையைச் சைக்கிளில் கடக்க விரும்பினால், அவருடைய சைக்கிளின் பற்சக்கரங்கள் எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை காண, கடைக்காரரின் பட்டியலைவிடப் பள்ளி இயற்பியலே நல்ல தொடக்கம்.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் நிறை என்று கொண்டால், 12 சதவீதச் சரிவில் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 94 நியூட்டன். டயர் உருளும்போது தோன்றும் தடையைச் சேர்த்தால் 98 நியூட்டன் அளவுக்கு வரும். பயிற்சியுள்ள சாதாரண ஓட்டுநர் ஒருவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய திறன் 200 வாட் என்றால், அவர் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது மணிக்கு 7.4 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறமுடியும். இந்த வேகத்தில் காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதன்று. எந்தக் கியரை மாட்டினாலும் இந்த வேகம் கூடப்போவதில்லை. கியர் ஆற்றலைப் படைப்பதில்லை; அதே வேலையைச் சில வலிய மிதிகளாகவோ பல மெல்லிய மிதிகளாகவோ பகிர்ந்தளிப்பது மட்டுமே அதன் பணி.

பகிர்வின் அளவைக் கணக்கிடுவது எளிது. முன்புறப் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைப் பின்புறப் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைப் பின்சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பது தெரிந்துவிடும். சாலைச் சைக்கிளின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். முன்னே 39 பற்களும் பின்னே 25 பற்களும் கொண்ட மரபான பந்தய அமைப்பில், அதன் மிகத் தாழ்ந்த கியர்கூட ஒரு சுற்றுக்கு 3.28 மீட்டர் நகர்த்துகிறது. ஆகவே மணிக்கு 7.4 கிலோமீட்டரில் ஏறும் ஓட்டுநர் நிமிடத்துக்கு 38 சுற்று மட்டுமே மிதிக்கமுடியும். முன்னே 34, பின்னே 28 என்ற, பின்னாளில் வழக்கமான அமைப்பில் அது 48 சுற்றாகிறது. முன்னே 24, பின்னே 34 என்ற அமைப்பிலோ ஒரு சுற்றுக்கு 1.48 மீட்டர், மிதிவேகம் 83. பெரும்பாலான ஓட்டுநர்களின் தசைகளுக்கும் முழங்கால் மூட்டுகளுக்கும் இசைவான வேகம் 60க்கும் 90க்கும் இடைப்பட்டது என்பதால், இவற்றுள் கடைசி அமைப்பு மட்டுமே அந்த எல்லைக்குள் வருகிறது. 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, பொருத்தப்பட்டிருந்தால், மிதியின் சராசரி விசை முதல் அமைப்பில் ஏறத்தாழ 300 நியூட்டனாகவும் கடைசி அமைப்பில் 135 நியூட்டனாகவும் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான ஏற்றத்தில் இந்த வேறுபாட்டைச் சாதாரண வசதிக் குறைவாக எண்ணிவிட முடியாது. முழங்கால் அதை வாரக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லியான டயரும் உடைய சாலைச் சைக்கிளுக்கென்று விற்கப்பட்ட உறுப்புகளில் முன்னே 24 பற்களோ பின்னே 34 பற்களோ நெடுங்காலம் இடம்பெறவே இல்லை; அவை மலைச் சைக்கிளுக்கான உறுப்புகளாகவே கருதப்பட்டன. இந்தப் பிரிவினை இயற்கையானதோ பழமையானதோ அன்று. பிரான்சின் செயின்-எத்தியேன் நகரைச் சேர்ந்த, வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட பால் த விவி (1853–1930), தம் நகருக்கு அருகிலுள்ள 1,161 மீட்டர் உயரக் கணவாயான கோல் த லா ரெபுப்ளிக்கில் ஏறுவதற்காகவே பல கியர் அமைப்புகளைச் சோதித்து, அவற்றை லெ சிக்லிஸ்ட் இதழில் இடைவிடாது வலியுறுத்திவந்தார். பந்தய உலகமோ அதை ஆண்மைக்குறைவாகப் பார்த்தது. டூர் த பிரான்ஸ் போட்டியில் டெரெய்லர் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து தள்ளி மற்றொன்றில் ஏற்றும் கருவியே டெரெய்லர். ஆக, தாழ்ந்த கியர் என்பது சுற்றுலா ஓட்டுநர்களின் சொத்தாகப் பிரான்சில் வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் 1970களின் பிற்பகுதியில் மலைச் சைக்கிள் உருவெடுத்தபோது அதற்கெனத் தனி உறுப்புகள் கிடையாது; 1981இல் விற்பனைக்கு வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலைச் சைக்கிளில் பொருத்தப்பட்டது டிஏ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் சுற்றுலாக் கிராங்கே. அடுத்த ஆண்டு ஷிமானோ நிறுவனம் வெளியிட்ட டியோரே எக்ஸ்டி உறுப்புத்தொகுதிக்குப் பிறகுதான் மலைக் குடும்பம் தனிக்குடித்தனம் போயிற்று. எனவே சாலைச் சைக்கிளில் மலைப் பல்லை மாட்டுபவர் புதுமை எதையும் செய்துவிடவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறார்.

தாழ்ந்த கியருக்கு வழி இரண்டு: முன்புறப் பற்சக்கரத்தைச் சிறிதாக்குவது அல்லது பின்புறப் பற்சக்கரத்தைப் பெரிதாக்குவது. முதல் வழியைக் கட்டுப்படுத்துவது தூய வடிவியல். சைக்கிள் செயினின் கண்ணிகள் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குல இடைவெளியில் அமைவதால், 38 பற்கள் கொண்ட சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 154 மில்லிமீட்டராகத்தான் இருக்கமுடியும். இச்சக்கரத்தைக் கிராங்கோடு பிணைக்கும் ஐந்து போல்ட்டுகளும் ஒரு வட்டத்தின்மேல் அமைகின்றன. அந்த வட்டத்தின் விட்டம் பழைய ஷிமானோ சாலைக் கிராங்குகளில் 130 மில்லிமீட்டர். போல்ட்டுக்கும் செயினுக்கும் இடையே ஒவ்வொரு புறமும் 12 மில்லிமீட்டராவது தேவைப்படுவதால், அத்தகைய கிராங்கில் 38 பற்களுக்குக் குறைவான சக்கரம் ஏறவே ஏறாது. போல்ட் வட்டம் 110 மில்லிமீட்டராகச் சுருங்கிய கிராங்குகளில் 33 பற்கள்வரை இறங்கலாம் என்றாலும், தயாரிப்பாளர்கள் 34இல் நிறுத்திக்கொண்டனர். மூன்று முன்சக்கரங்கள் கொண்ட கிராங்கில் உட்சக்கரத்துக்கென 74 மில்லிமீட்டரில் தனி வட்டம் இருந்தது. அதில் 24 பற்கள்வரை இடமுண்டு. சாலைச் சைக்கிளின் மூன்றுசக்கரக் கிராங்கு வழக்கமாக 30 பற்களோடு விற்கப்பட்டதால், ஐந்து சிறு போல்ட்டுகளைக் கழற்றி 24 அல்லது 26 பல் சக்கரத்தை மாட்டுவது, தாழ்ந்த கியர் பெறுவதற்கு இன்றளவும் மிக மலிவான வழி. பந்தய நாகரிகம் மூன்றாம் சக்கரத்தை அவமானமாகக் கருதிக் கைவிட்டது பொறியியலுக்கு ஏற்பட்ட இழப்பு என்றே சொல்லவேண்டும்.

இரண்டாவது வழியில், பின்சக்கரத்தின் அச்சில் மாட்டப்படும் பற்சக்கர அடுக்கான கேசட் பெரிதாக்கப்படுகிறது. இங்கே முதலில் தென்படுவது எதிர்பாராத இணக்கம். ஷிமானோவின் 9 அடுக்குக் கேசட்டில் அடுத்தடுத்த பற்சக்கரங்களின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரம், சாலையானாலும் மலையானாலும், 4.35 மில்லிமீட்டர், 10 அடுக்கில் இரண்டுக்கும் 3.95. கேசட் அமரும் பள்ளம் வெட்டிய உருளையான ஃப்ரீஹப்பும் பொது. ஆகவே 11 முதல் 34 பற்கள்வரை உள்ள மலைக் கேசட் சாலைச் சக்கரத்தில் எந்த முணுமுணுப்புமின்றி அமர்ந்துவிடும். 11 அடுக்குக் காலத்தில் சாலை ஃப்ரீஹப் 1.85 மில்லிமீட்டர் நீண்டபோதும், மலைக் கேசட்டுகள் பழைய நீளத்திலேயே நின்றன. அவற்றின் பெரிய பற்சக்கரம் ஆரக்கம்பிகளின் சரிவுக்கு மேலே உள்நோக்கிக் குழிந்து நிற்க இடமிருந்ததே காரணம். அந்த 1.85 மில்லிமீட்டரை ஒரு வாஷர் நிரப்பிவிடும்.

உண்மையான தடை கேசட்டில் இல்லை. கையருகே உள்ள கியர் மாற்றியான ஷிஃப்டருக்கும் பின்னே உள்ள டெரெய்லருக்கும் இடையில் ஓடும் கேபிளில் இருக்கிறது. 1984இல் ஷிமானோ தன் டுரா-ஏஸ் தொகுதியில் குறியிட்ட கியர் மாற்ற முறையைக் கொண்டுவரும் முன்பு, ஓட்டுநர் நெம்புகோலைத் தன் காதையும் விரலையும் நம்பி வேண்டிய அளவு நகர்த்தினார். எந்த டெரெய்லரும் எந்த நெம்புகோலுடனும் உழைத்தது. குறியிட்ட முறையிலோ ஒவ்வொரு சொடுக்குக்கும் ஷிஃப்டர் ஒரு குறிப்பிட்ட நீளக் கேபிளையே இழுக்கிறது. டெரெய்லர் அந்த இழுப்பை ஒரு நிலையான விகிதத்தால் பெருக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. இழுப்பையும் விகிதத்தையும் பெருக்கி வரும் தொகை கேசட்டின் இடைவெளிக்குச் சமமானால் செயின் சரியான பற்சக்கரத்தில் விழும். சமமாகாவிட்டால் முதல் இரண்டு மூன்று பற்சக்கரங்களில் ஒப்பேறி, பின்னர் பிழை கூடிக்கொண்டே போய், அடுக்கின் நடுவில் செயின் இரண்டு சக்கரங்களுக்கிடையே அலைபாயும்.

இந்த ஒரு பெருக்கலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கலப்பு அமைப்புகளைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் தாமாகவே தெளிந்துவிடும். ஷிமானோவின் 7 முதல் 9 அடுக்குவரையிலான பெரும்பாலான டெரெய்லர்களில், சாலை மலை வேறுபாடின்றி, விகிதம் ஏறத்தாழ 1.7. 9 அடுக்கு ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு 2.5 மில்லிமீட்டர் இழுக்கிறது, பெருக்கினால் 4.25, கேசட்டின் 4.35க்குப் போதுமான நெருக்கம். 10 அடுக்குச் சாலை ஷிஃப்டர் 2.3 மில்லிமீட்டர் இழுக்கிறது, அதை 1.7ஆல் பெருக்கினால் 3.91, கேசட்டின் இடைவெளியோ 3.95. இதிலிருந்து ஓர் அரிய முடிவு பிறக்கிறது: 10 அடுக்குச் சாலை ஷிஃப்டருக்கு ஏற்ற மலை டெரெய்லர் 10 அடுக்கு மலை டெரெய்லர் அன்று, 9 அடுக்கு மலை டெரெய்லரே. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குபவர் ஏமாறுவார். டைனா-சிஸ் என்ற பெயரில் வந்த 10 அடுக்கு மலைத் தொகுதியில் ஷிமானோ விகிதத்தை 1.2ஆகக் குறைத்து, ஷிஃப்டரின் இழுப்பை 3.4 மில்லிமீட்டராகக் கூட்டியிருந்தது. அந்த டெரெய்லரைச் சாலை ஷிஃப்டரோடு இணைத்தால் ஒவ்வொரு சொடுக்கும் 2.76 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். 11 அடுக்கில் பிளவு தொடர்ந்தது: சாலையில் 2.7 மில்லிமீட்டர் இழுப்பும் 1.4 விகிதமும், மலையில் 3.6 மில்லிமீட்டர் இழுப்பும் 1.1 விகிதமும். இடையில் டியாக்ரா 4700 என்ற சாலைத் தொகுதி, 10 அடுக்கே ஆனாலும் புதிய சாலை விகிதத்தைத் தழுவிக்கொண்டு, பழைய 10 அடுக்கு உறவினர்களோடு பேச்சை முறித்துக்கொண்டது.

இம்மாற்றங்களை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உறைக்குள் அழுக்கேறிக் கேபிள் 0.2 மில்லிமீட்டர் தவறினால், 1.7 விகித டெரெய்லரில் அது 0.34 மில்லிமீட்டர் பிழையாகப் பெருகும், 1.1 விகிதத்திலோ 0.22ஆக அடங்கும். பற்சக்கரங்கள் நெருங்க நெருங்கப் பிழைக்கான இடம் குறைவதாலும், மலைப்பாதையின் சேறு கேபிளுக்குள் புகுவதாலும், விகிதத்தைத் தாழ்த்துவதற்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால் சாலைக்கும் மலைக்கும் ஒரே தாழ்ந்த விகிதத்தை வைத்திருக்கக்கூடாதா என்றால், வைத்திருக்கலாம் என்பதற்கு ஸ்ராம் நிறுவனமே சான்று. அதன் 10 அடுக்குச் சாலை ஷிஃப்டர்களும் 10 அடுக்கு மலை டெரெய்லர்களும் ஒரே இழுப்பில் இயங்கின; 11 அடுக்குச் சாலை ஷிஃப்டர்கூட அந்த 10 அடுக்கு மலை டெரெய்லரை ஓட்டவல்லது. 2010இல் வந்த ஸ்ராம் ஏபெக்ஸ் 11–32 கேசட்டைச் சாலைத் தொகுதிக்குள்ளேயே அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது; நெடுநாள் கள்ளத்தனமாக நடந்துவந்த கலப்புக்கு அது ஒருவகைப் பதிவுத் திருமணம்.

இழுப்பு ஒத்துப்போனாலும் இன்னொரு கணக்கு மீதமிருக்கிறது. முன்சக்கரங்களின் பல் வேறுபாட்டையும் கேசட்டின் பல் வேறுபாட்டையும் கூட்டி வரும் எண் டெரெய்லரின் கொள்திறனுக்குள் அடங்கவேண்டும். செயினில் தோன்றும் தொய்வை அதன் கீழ்க்கூண்டு எவ்வளவு சுருட்டிக்கொள்ள முடியும் என்பதை அது குறிக்கிறது. முன்னே 50–34, பின்னே 11–34 என்றால் 16உம் 23உம் சேர்ந்து 39. ஷிமானோவின் நீள்கூண்டு அல்டெக்ரா ஆர்8000 டெரெய்லரின் கொள்திறன் சரியாக இதுவே. குறுங்கூண்டு வடிவத்துக்கு 35. முன்னே 50–39–24 என்ற மூன்றுசக்கர அமைப்போடு 11–34 கேசட்டைச் சேர்த்தால் தேவை 49 ஆகிறது. 9 அடுக்கு எக்ஸ்டி எம்772 மலை டெரெய்லரின் நெடுங்கூண்டே 45தான் தாங்கும். ஆனால் இந்த மீறலின் இரு முனைகளும் ஒரே தன்மையுடையன அல்ல. செயின் நீளமாக இருந்தால், சிறிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் சேரும் பயனற்ற கியரில் அது தொங்கி உராயும், அவ்வளவே. நீளம் குறைவாக இருந்தால், மறதியில் பெரியதோடு பெரியதைச் சேர்த்த கணத்தில் டெரெய்லரோ அதைத் தாங்கும் கொக்கியோ பிய்ந்து ஆரங்களுக்குள் போகலாம். ஆகவே செயினை எப்போதும் பெரிய முன்சக்கரத்துக்கும் பெரிய பின்சக்கரத்துக்கும் போதுமாறு அளந்து வெட்டி, தொய்வை மறுமுனையில் விட்டுவிடுவதே அறிந்தவர்களின் வழக்கம். இதை மட்டும் கடைப்பிடித்தால் தயாரிப்பாளர் குறிப்பிடும் கொள்திறனைச் சில பற்கள் மீறுவது ஆபத்தன்று.

டெரெய்லரின் மேல் உருளை பெரிய பற்சக்கரத்தின்மேல் முட்டுவது வேறொரு தடை. 1964இல் சன்டூர் நிறுவனம் உருவாக்கிய சாய்ந்த இணைகரப் பொறியமைப்பில், டெரெய்லர் உள்நோக்கி நகரும்போதே கீழ்நோக்கியும் இறங்கி, மேல் உருளையைக் கேசட்டின் சரிவோடு இணையாக வைத்திருக்கும். அந்தக் காப்புரிமை காலாவதியானதும் ஷிமானோவும் அதை மேற்கொண்டது. சாலை டெரெய்லரின் சாய்வு மென்மையானது. மலை டெரெய்லரின் சாய்வு செங்குத்தானது. வுல்ஃப் டூத் நிறுவனத்தின் ரோட்லிங்க் போன்ற நீட்டிப்புத் துண்டுகள் சாலை டெரெய்லரைச் சற்றுக் கீழிறக்கி இந்த முட்டலைத் தவிர்க்கின்றன என்றாலும், சாய்வை மாற்றுவதில்லை. ஆகையால் சிறிய பற்சக்கரங்களில் உருளை தொலைவில் நின்று கியர் மாற்றம் மந்தப்படுகிறது. ஒத்துவராத இழுப்பைச் சரிசெய்ய, கேபிளின் வழியில் இரு வேறு விட்டங்கள் கொண்ட சிறு கப்பியைச் செருகும் டேன்பேன், ஷிஃப்ட்மேட் ஆகிய கருவிகளும் கிடைக்கின்றன. அவை கணக்கைச் சரிசெய்கின்றன. அதே வேளையில் உராய்வுக்கும் அழுக்குக்கும் மேலும் ஓர் இருப்பிடம் தருகின்றன. கூடியமட்டும் பெருக்கல் தானே ஒத்துப்போகும் உறுப்புகளைத் தேடுவதே மேல்.

முன்புற டெரெய்லரில் இத்தகைய நேர்த்தியை எதிர்பார்க்கக்கூடாது. சாலைக் குடும்பத்திலும் மலைக் குடும்பத்திலும் அதன் இழுப்பு வெவ்வேறு. கூண்டின் வளைவும் 50 பல் சக்கரத்துக்கு ஒன்று, 42 பல் சக்கரத்துக்கு வேறொன்று. சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரம் சாலையில் 43.5 மில்லிமீட்டராகவும் மலையில் 50 மில்லிமீட்டர் அளவிலும் இருப்பதால், மலைக் கிராங்கைச் சாலைச் சட்டத்தில் மாட்டினால் முன் டெரெய்லர் வெளிச்சக்கரத்தை எட்டாமல் போகலாம். இங்கே பழைய குறியில்லா நெம்புகோல் கைகொடுக்கிறது. ஹேண்டில்பாரின் நுனியில் பொருத்தும் ஷிமானோ நெம்புகோல்களில் இடப்புறத்தது இன்றும் சொடுக்கின்றி இயங்குவது, நெடுந்தொலைவுப் பயணிகள் அதைக் கைவிடாததற்கு ஒரு காரணம்.

தாழ்ந்த கியருக்கு விலையும் உண்டு. 12–25 என்ற 10 அடுக்குக் கேசட்டில் 12இலிருந்து 13க்குத் தாவல் 8 சதவீதம். 11–34 மலைக் கேசட்டில் 11இலிருந்து 13க்கு 18 சதவீதம். சமவெளியில் கூட்டமாகப் பாயும் பந்தய வீரருக்கு இந்த இடைவெளி எரிச்சலூட்டும். தனியாகச் சுமையோடு மலையேறுபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தாழ்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு: 24க்கு 34 என்ற கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 5.3 கிலோமீட்டர், அதற்குக் கீழே சைக்கிளை நேராக நிறுத்துவதே பாடாகிவிடும், இறங்கித் தள்ளினாலும் வேகத்தில் பெரிய இழப்பிருக்காது.

மின்னணுக் கியர் மாற்றம் பரவியபின் இந்தக் கணக்குகள் இடம்பெயர்ந்துவிட்டன. மின்னணு ஷிஃப்டர் கேபிளை இழுப்பதில்லை, ஒரு குறிப்பை மட்டுமே அனுப்புகிறது. எத்தனை மில்லிமீட்டர் நகரவேண்டும் என்பதை டெரெய்லரிலுள்ள மோட்டாரே முடிவுசெய்கிறது. 2019இல் வந்த ஸ்ராமின் கம்பியில்லா ஏஎக்ஸ்எஸ் முறையில், சாலைச் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரில் உள்ள ஷிஃப்டர் 10–50 பல் மலைக் கேசட்டின் ஈகிள் டெரெய்லரை எந்த இடைக்கருவியுமின்றி இயக்குகிறது. ஷிமானோவின் 11 அடுக்கு டிஐ2 முறையிலும் சாலை ஷிஃப்டரோடு மலை டெரெய்லரை இணைக்கலாம். ஆனால் முன் டெரெய்லர் ஒரு குடும்பத்ததாகவும் பின் டெரெய்லர் மற்றொன்றாகவும் இருக்க அந்த முறை இடந்தருவதில்லை. அதே 2019இல் ஷிமானோ வெளியிட்ட ஜிஆர்எக்ஸ் தொகுதி கேபிளிலேயே வேறு வழி கண்டது: 11 அடுக்குச் சாலை இழுப்பை வைத்துக்கொண்டு, 42 பற்கள்வரை ஏறும் டெரெய்லரையும், 46–30 பற்கள் கொண்ட கிராங்கையும் தந்து, செயின் ஓடும் கோட்டை வெளியே தள்ளி 46.9 மில்லிமீட்டரில் வைத்தது. அந்த டெரெய்லர், கணக்கின்படியே, முந்தைய 11 அடுக்குச் சாலை ஷிஃப்டர்களோடும் ஒத்துழைக்கிறது. பழைய 10 அடுக்குச் சாலை ஷிஃப்டர் வைத்திருப்பவரோ இன்னும் பழைய உறுப்புகள் விற்கும் கடைகளில் 9 அடுக்கு மலை டெரெய்லரைத் தேடிக்கொண்டிருக்கவேண்டும்.